சாப்பாட்டு ராமன் முதல் பறக்காவெட்டி வரை: பந்தியில் விழும் பட்டப்பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறையச் சாப்பிடுகிறவர்களைக் கேலி செய்யத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சில சொற்கள் ஊரெல்லாம் செல்லும், சில சொற்கள் ஆற்றைத் தாண்டினால் செல்லாது. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கிடாவெட்டிலும் காதில் விழுகிற இந்தச் சொற்களைப் பற்றி வழக்கமாக வருகிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சாப்பாட்டு ராமன் என்பது திட்டா, பாராட்டா?

பாதிக்குப் பாதி. சொல்கிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கேட்கிறவரும் பெரும்பாலும் சிரித்துவிடுவார். இந்தப் பெயர் வாங்கியவருக்கு அளவும் முக்கியம், ருசியும் முக்கியம். எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போனால் பூரி சூடாகக் கிடைக்கும், எந்தச் சமையல்காரர் கை வைத்தால் ரசம் தூக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெறுமனே வயிற்றை நிரப்புகிறவரை யாரும் சாப்பாட்டு ராமன் என்று சொல்வதில்லை.

அதில் ராமன் எப்படி வந்தார்?

ராமாயண ராமன் 14 வருஷம் வனவாசம் இருந்தவர். விருந்து சாப்பிட்டுப் பேர் வாங்கியவர் இல்லை. அதனால் இது அவதாரப் புருஷனைச் சொல்கிற ராமன் இல்லை. தெருவுக்கு நாலு ராமன் இருந்த காலத்தில், குப்பன் சுப்பன் என்பதைப் போல, ஆள் என்ற பொருளில் ஒட்டிக்கொண்ட ராமன். வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் சாப்பிடுகிறவனைத் 'தண்டச்சோற்று ராமன்' என்று சொல்கிற வழக்கமும் உண்டே, அந்த ராமனும் இந்த ராமனும் ஒரே ஆள்தான்.

சாப்பாட்டு ராமனும் தின்னிப்பண்டாரமும் ஒன்றா?

இல்லை. தின்னிப்பண்டாரம், தீனிப்பண்டாரம், சோத்துப்பண்டாரம் எல்லாம் ஒரு படி இறக்கம். இவருக்கு ருசி பற்றிய கவலை கிடையாது. இட்லி இருந்தால் இட்லி, பழையது இருந்தால் பழையது, எதுவும் இல்லையென்றால் பொரிகடலை டப்பா. சொல்லிலேயே பாருங்கள், சாப்பாடு போய்த் தீனி வந்துவிட்டது. தீனி என்பது மாட்டுக்கும் கோழிக்கும் போடுவது.

பண்டாரம் என்ற சொல்லுக்குக் களஞ்சியம் என்றும் பொருள் உண்டு, மடத்தைச் சேர்ந்த சைவத் துறவி, பரதேசி என்றும் பொருள் உண்டு. கொட்டக் கொட்ட நிறையாத களஞ்சியம் என்று எடுத்துக்கொண்டாலும் கேலி பொருந்துகிறது, வீடு வீடாகச் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவர் என்று எடுத்துக்கொண்டாலும் பொருந்துகிறது. ஆனால் ஒன்று. பண்டாரம் என்பது பூக்கட்டுவதும் கோயில் பூசையும் செய்கிற ஒரு சமூகத்தின் பெயரும்கூட. வீட்டுக்குள் அண்ணன் தம்பியைச் சொல்வது வேறு, வெளியில் நாலு பேர் இருக்கும் பந்தியில் சொல்வது வேறு. வெளியில் தவிர்ப்பதே நல்லது.

சோத்துமாடன், சோத்துமாடு, சோத்துமூட்டை ஆகியவையும் இதே வரிசைதான். இவற்றில் இன்னொரு குத்தலும் இருக்கிறது: தின்கிறான், ஆனால் வேலை செய்ய மாட்டேன் என்கிறான். வெறும் தீனியை மட்டும் கேலி செய்ய வேண்டுமென்றால் இந்த மூன்றையும் எடுக்காதீர்கள். ஆள் வேலையில்லாமல் இருக்கும் சமயமாக இருந்தால் ரொம்பவே வலிக்கும்.

பறக்காவெட்டி என்றால் என்ன? நிறையச் சாப்பிடுகிறவரா?

இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். பறக்காவெட்டி நிறையச் சாப்பிட வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரே ஒரு வடைக்காகக்கூட ஒருவர் பறக்காவெட்டி ஆகலாம். அந்த வடை இலைக்கு வருவதற்கு முன்னால் அவர் கை வாளிக்குள் போய்விட்டால் போதும்.

'ஏண்டா இப்படிப் பறக்கிற?' என்று பிள்ளைகளை அதட்டுவோம் இல்லையா, அதே பறத்தல்தான். ஆலாய்ப் பறக்கிறான் என்பதும் அதுவே. ஆலா மீனுக்காகக் கடலுக்கு மேலே வட்டமிட்டு, சட்டென்று தலைகீழாகப் பாயும் பறவை. கரையில் நின்று ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மற்றவற்றையும் கேட்டுப் பாருங்கள். 'காணாததைக் கண்டவன் மாதிரி திங்கிறான்.' 'காய்ஞ்ச மாடு கம்பங்கொல்லையில பாஞ்ச மாதிரி.' 'பஞ்சத்துல அடிபட்டவன்.' 'பஞ்சப்பரதேசி.' ஒன்றில்கூட எத்தனை இட்லி என்ற கணக்கு இல்லை. எல்லாமே அவசரத்தைப் பற்றியவை, பசி வெளியில் தெரிந்துவிடுவதைப் பற்றியவை. நம் பந்தியில் பெரிய குற்றம் அதிகம் சாப்பிடுவது இல்லை. அடுத்தவர் இலைக்குப் போவதற்கு முன்னால் நமக்குத் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுவதை வெளியில் காட்டிக்கொள்வதுதான் குற்றம். பத்து முறை சாதம் வாங்கிச் சாப்பிடுகிறவரைப் பார்த்து வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்தான். பாயச வாளி வரும்போது எட்டிப் பார்க்கிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

பஞ்சம் என்ற சொல் இந்தக் கேலிகளில் இத்தனை முறை வருவது தற்செயலாக இருக்க முடியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் பாட்டுகளிலும் கதைகளிலும் தங்கிவிட்டது. பசியால் மானம் போவதைக் கண்ட ஊர்களில், பசியை மறைத்துக்கொள்வது மரியாதை ஆகிவிடும். 'இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்' என்று பட்டினியோடு பொய் சொல்லும் விருந்தாளிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஊருக்கு ஊர் என்ன வித்தியாசம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடங்கலாம். அங்கே 'கொதி' என்று ஒரு சொல். தின்பண்டத்தின் மேல் வருகிற ஆசைதான் கொதி. அந்த ஆசை அடங்காதவர் கொதியன். மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி மலையாளக் கரையோடு ஒரே ஆட்சியில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியம் இல்லை. கொதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாம் சாப்பிடும்போது ஒருவர் ஏக்கத்தோடு பார்த்துவிட்டால், அந்தப் பார்வை நம் வயிற்றைப் பிடிக்கும் என்ற நம்பிக்கை. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் 'கொதி பட்டிருக்கு' என்பார்கள், ஓதிக் கொடுக்க ஆளைத் தேடுவார்கள். தின்ன ஆசைப்பட்டவருக்குக் கேலி, தின்றவருக்கு வயிற்றுவலி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்.

மற்ற மாவட்டங்களில் இதையே கண்ணு படுதல் என்பார்கள். 'திங்கிறவன் வாயைப் பாக்காதே' என்று பிள்ளைகளைக் கண்டிப்பதும் இதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் 'ஆவலாதி' என்று ஒரு சொல் இருக்கிறது. சாப்பாட்டைக் கண்டதும் அவதிப்படுகிறவரை, எதற்கும் முண்டியடிக்கிறவரை அப்படிச் சொல்வார்கள். 'ஆவலாதிப்படாதை, எல்லாருக்கும் இருக்கு' என்று அம்மா பிள்ளையை அடக்குவார். இதே சொல்லைத் திருநெல்வேலிக்காரரிடம் சொன்னால் அவர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார். அங்கே ஆவலாதி என்றால் குறை, புகார். 'அவன் மேல ஒரே ஆவலாதியா வருது' என்றால் ஆள் மேல் புகார் குவிகிறது என்று பொருள். ஒரே பந்தியில் யாழ்ப்பாணத்துச் சம்பந்தியும் நெல்லைச் சம்பந்தியும் உட்கார்ந்தால் இந்த ஒரு சொல்லே போதும், கலாட்டாவுக்கு.

சென்னையில் தின்பது 'துன்றது' ஆகிவிடும். 'காலைல நாஷ்டா துன்னுட்டு, பத்து மணிக்கு மறுபடி துன்னுகினு கீறான்' என்றால் அதில் கோபம் இல்லை, அது சாதாரணப் பேச்சு. தின் என்ற வினைச்சொல்லே ஊருக்கு ஊர் மரியாதை மாறுகிற ஒன்று. குமரிப் பக்கம் 'சோறு தின்னாச்சா?' என்று கேட்டால் அது அன்பான விசாரிப்பு. அதையே தஞ்சாவூரில் மாமனார் வீட்டில் கேட்டுப் பாருங்கள்! மாடா நான், தின்பதற்கு என்று முகம் சிவந்துவிடும்.

அக்ரகாரத்து வீடுகளில் 'போஜனப்பிரியர்' என்று வடமொழிப் பூச்சோடு சொல்வார்கள். கேலி அதேதான், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது.

'ஒரு பிடி பிடித்தான்', 'ஒரு கட்டு கட்டினான்' எல்லாம் ஒரே பொருளா?

ஏறத்தாழ. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் காரம் உண்டு.

ஒரு பிடி பிடிப்பது மரியாதையானது. 'கறிக்குழம்பு நல்லா இருந்துச்சு, ஒரு பிடி பிடிச்சிட்டேன்' என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாம். ஒரு கட்டு கட்டுவதும் அப்படித்தான். ஒரு வெட்டு வெட்டுவதில் வேகம் கூடுகிறது. வெளுத்துக் கட்டுவது, வெளுத்து வாங்குவது, விளாசுவது எல்லாம் சண்டைக்களத்துச் சொற்கள். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எதிரே சோற்றுமலை எதிரியாக நிற்கிறது போல.

மதுரைப் பக்கம் 'மொக்குவது' அதிகம் புழங்கும். வாய் நிறைய அடைத்து, மெல்ல இடமில்லாமல் கன்னம் புடைத்திருக்கும் நிலையைச் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடையாது. 'புரோட்டாவை மொக்கிட்டு வந்து தூங்குறான் பாரு.' அமுக்குவது இன்னொரு ரகம். அதில் கொஞ்சம் திருட்டுத்தனம் கலந்திருக்கிறது. யாரும் பார்க்காதபோது உள்ளே போனதுதான் அமுக்கப்பட்டது. உள்ளே தள்ளுவது ருசி பார்க்காமல் சாப்பிடுவது, அவசரமாக பஸ் பிடிக்கப் போகிறவன் செய்வது.

எனக்குப் பிடித்தது 'பாத்தி கட்டி அடிப்பது'. இதைப் பந்தியில் கண்ணாலேயே பார்க்கலாம். வாழையிலை சமமாக இருக்காது, நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் லேசாகச் சரியும். சாதத்தைக் குவித்து, நடுவில் விரல்களால் குழி பறித்து, கரையை உள்ளங்கையால் தட்டி இறுக்கி, 'ம், ஊத்துங்க' என்பார் கைதேர்ந்தவர். சாம்பார் குழியில் நிற்கும். கிழக்கே கசிகிற மாதிரி இருந்தால் ஒரு கை சோறு எடுத்து அந்தப் பக்கம் அணை போடுவார். ரசத்துக்கு வேலை இன்னும் நுணுக்கம், ஏனென்றால் ரசம் காத்திருக்காது. கரை உடைந்து ஓடத் தொடங்கினால் இலையின் விளிம்பை இடது கையால் தூக்கிப் பிடிக்காமல், வலது கையாலேயே வளைத்து, ஓடுகிற ரசத்தைச் சோற்றோடு சேர்த்து அள்ளி வாய்க்குக் கொண்டுபோய்விட வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கைக்குத்தான் இது இயல்பாக வரும் என்று நினைக்கிறேன். மேசையில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சொல் புரியும், வேலை வராது.

கடைசியில் இருப்பது 'கொட்டிக்கொள்வது'. இது விளையாட்டு இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பியவரிடம் 'வெளியிலேயே கொட்டிக்கிட்டாச்சா?' என்று கேள்வி வந்தால், பதில் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

சத்தத்தை வைத்தும் பெயர் சொல்வார்களா?

பெயர் இல்லை, ஆனால் வருணனை உண்டு. லபக் என்று போனது ஒரே வாயில் போனது. அவக் அவக்கென்று தின்பது மெல்லாமல் விழுங்குவது. மொச்சு மொச்சென்று தின்பவர் வாயை மூடாமல் மெல்கிறவர், பக்கத்தில் உட்கார முடியாது. மடக் மடக்கென்பது தண்ணீருக்கும் மோருக்கும். சர்ரென்று உறிஞ்சுவது ரசத்துக்கு, பாயசத்துக்கு. இதைச் சிலர் அநாகரிகம் என்பார்கள். கையில் ஏந்திய ரசத்தைச் சத்தமில்லாமல் குடித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

குண்டோதரன், பகாசுரன், பீமன்: யாரை எப்போது சொல்வது?

குண்டோதரன் மதுரைக்காரர்களின் சொந்தச் சொத்து. திருவிளையாடல் புராணக் கதை இது: மீனாட்சி கல்யாணத்தில் அத்தனை பேரும் சாப்பிட்ட பிறகும் சோறு மலையாகக் குவிந்து கிடக்கிறது. பாண்டிய நாட்டுச் செல்வத்தின் பெருமை! சிவபெருமான் தன் பூதகணத்தில் குண்டோதரனைக் காட்டி, இவனுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்கிறார். அவன் அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்று கத்துகிறான். அன்னக்குழியை வரவழைத்துப் பசி தீர்த்தால், அடுத்து தாகம். கிணறு, குளம் எல்லாம் வற்றிப்போய், 'வை கை' என்று சொல்லி வரவழைத்ததுதான் வைகை என்கிறது கதை. வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் இந்தக் கதையை மதுரையில் வேறு தொனியில் சொல்வார்கள், அது கிடக்கட்டும். பெயரே பானை வயிற்றைச் சொல்வதால், தொப்பையும் பசியும் சேர்ந்த ஆளுக்குக் குண்டோதரன் சரி.

பகாசுரன் பாரதத்து ஆள். ஏகசக்கர நகரத்தில் வண்டி நிறையச் சோறும், அதை இழுத்துவரும் இரண்டு எருமைகளும், ஓட்டிவரும் மனிதனும் அவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு. அதனால் பகாசுரன் என்ற பெயரில் கொஞ்சம் பயமும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஊழல்வாதிகளுக்கும் நிலத்தை வளைப்பவர்களுக்கும்தான் அதிகம் பயன்படுகிறது. மலைமுழுங்கி மகாதேவனும் அப்படியே. 'மலைமுழுங்கி மகாதேவனுக்குக் கதவு அப்பளம்' என்ற சொலவடையைப் பந்தியில் சொன்னால் சிரிப்பு, மேடையில் சொன்னால் அரசியல்.

பீமன் பாராட்டு. அவன் பகாசுரனுக்குக் கொண்டுபோன சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் சண்டைக்கே எழுந்தான். நிறையச் சாப்பிட்டாலும் அதற்கேற்ற வேலை பார்க்கிறவனுக்கு இந்தப் பெயர்.

கும்பகர்ணனை இங்கே இழுக்க வேண்டாம். அவன் தூக்கத்துறை.

பெண்களுக்கு ஏன் இப்படிப் பெயர்கள் இல்லை?

'சாப்பாட்டு சீதை' என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்று கொன்றைவேந்தனைப் பள்ளியில் படித்து வளர்ந்த சமூகம் இது. ஆண் நிறையச் சாப்பிட்டால் பட்டப்பெயர் கொடுத்துச் சிரிக்கலாம். பெண் நிறையச் சாப்பிடுகிறாள் என்பது பேசவே கூடாத விஷயமாக இருந்தது. கடைசிப் பந்தியில், மிச்சம் இருப்பதை வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு எங்கிருந்து பட்டம் வரும்?

சிறுமிகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தின்னிப்பண்டாரம் ஆண் பெண் பார்க்காத சொல், அண்ணன்மார்கள் தங்கைகளின் மேல் தாராளமாகப் பயன்படுத்துவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் காப்பியத்தில் அடங்காப் பசிக்குப் பேர்போன பாத்திரம் ஒரு பெண்தான். மணிமேகலையில் வரும் காயசண்டிகை. ஒரு முனிவர் வைத்திருந்த நாவற்பழத்தைக் காலால் மிதித்துச் சிதைத்துவிட்டதால் சாபம். 12 ஆண்டுகள் எவ்வளவு தின்றாலும் தீராத 'யானைத்தீ' நோய். கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து கொடுத்த உணவில்தான் அந்தப் பசி அடங்கியது. கவனியுங்கள், அவள் பசிக்குச் சாபம், நோய் என்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பீமனுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

பழைய நூல்களில் இப்படிக் கேலி உண்டா?

கேலியைவிடக் கண்டிப்பு அதிகம். திருக்குறளில் மருந்து அதிகாரத்தில், 946ஆம் குறளில், அளவறிந்து உண்பவனிடம் இன்பம் நிலைப்பது போலப் பெருந்தீனிக்காரனிடம் நோய் நிலைக்கும் என்கிறார் வள்ளுவர். பெருந்தீனிக்காரனுக்கு அவர் வைத்த பெயர் 'கழிபேர் இரையான்'. உணவு என்று சொல்லாமல் இரை என்று சொல்லிவிட்டார். நம் பாட்டிகள் தீனி என்றதும் அதே உத்திதான். ஆத்திசூடியில் 'மீதூண் விரும்பேல்' இருக்கிறது. நல்வழியில் ஔவையார் தன் வயிற்றிடமே சலித்துக்கொள்கிறார்: ஒருநாள் சாப்பாட்டை விடு என்றால் விடமாட்டாய், இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றால் அதுவும் மாட்டாய், உன்னோடு வாழ்வது கஷ்டம் என்று. இவ்வளவு நேர்மையாகப் பசியைப் பற்றி வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' உண்மையில் வலது கையைப் பற்றியதாமே?

பந்தியில் வலது கை முன்னால் போகும், வில்லை இழுக்கும்போது அதே கை பின்னால் போகும், அதைத்தான் பழமொழி சொல்கிறது என்று ஒரு விளக்கம் பட்டிமன்றங்களில் சுற்றிவருகிறது. கைதட்டல் வாங்கும் விளக்கம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோறு என்றால் முதல் ஆள், சண்டை என்றால் கடைசி ஆள் என்று ஒருவரைக் குத்திக்காட்டுகிற பழமொழிக்கு வேறு பொருள் தேவையே இல்லை. நேராகவே சிரிப்பு வருகிறதே, அதை ஏன் கெடுக்க வேண்டும்?

ஒல்லியாக இருந்துகொண்டு நிறையச் சாப்பிடுகிறவரை எப்படிச் சொல்வது?

இவர்களுக்குப் பெயர் கிடையாது, கேள்விதான் உண்டு. 'எங்கதாண்டா போகுது அத்தனையும்?' 'வயிறா, குதிரா?' குதிர் என்பது மண்ணால் செய்த பெரிய நெல் சேமிக்கும் கலம், ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். இப்போது கிராமங்களிலும் குதிர் அரிது, ஆனால் வசனம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 'திங்கிறது உடம்புல ஒட்டல' என்று கவலைப்படுவதும் உண்டு. அது அம்மாக்கள் சொல்வது.

எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறவர்?

அவர் மேய்கிறவர். 'காலையிலேருந்து மேஞ்சுக்கிட்டே இருக்கான், சோறு எப்படி இறங்கும்?' வாய் ஓயாத ஆள், நொறுக்குத் தீனிக்காரர். வாயா அரவை மிஷினா என்றும் கேட்பார்கள். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்பிள்ளைகளுக்குத் தனி மிரட்டல்: 'கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்.' முகூர்த்தத்தில் மழை பெய்தால் பந்தலில் இருக்கும் அத்தனை கிழவிகளும் மணப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிறவர்?

'கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி வந்துட்டான் பாரு.' சுருக்கமாக மூக்கில் வேர்த்தவர். ஓசிச்சோறு என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாத இடத்தில் இது உதவும். சொல்லிவிட்டு இலையும் போட்டுவிட வேண்டும், அதுதான் முறை.

யார் யாரைக் கேலி செய்யலாம்?

முறை இருக்கிறது. மாமன் மச்சான், அத்தை மகன், மாமன் மகள், கொழுந்தியாள் என்று கேலி முறை உள்ளவர்கள் எதுவும் சொல்லலாம், திருப்பியும் வாங்கிக்கொள்ளலாம். பாட்டி யாரையும் சொல்லலாம். சம்பந்தி வீட்டாரை வாயே திறக்கக் கூடாது.

புது மாப்பிள்ளை விஷயம் நுட்பமானது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எட்டு இட்லியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாலும் பெண் வீட்டார் சொல்வது இவ்வளவுதான்: 'மாப்பிள்ளை கூச்சப்படாம சாப்பிடுவாரு.' இன்னும் கொஞ்சம் நெருக்கமானவர்கள் 'வயித்துக்கு வஞ்சனை பண்ண மாட்டாரு' என்பார்கள். இரண்டும் பாராட்டு மாதிரியே இருக்கும். அடுப்படியில் மாவு தீர்ந்துபோய் நிற்கிற மாமியாருக்கும், பரிமாறிக்கொண்டிருக்கிற சின்ன மச்சினனுக்கும் மட்டும் முழுப் பொருளும் விளங்கும்.

குழந்தைகளை இப்படிச் சொல்லலாமா?

ஆசையாகச் சாப்பிடுகிற பிள்ளையைச் செல்லமாக ஒருமுறை சொல்வதில் தவறில்லை. உடல் பருமனான பிள்ளையை, உறவினர் நாலு பேர் முன்னால், ஒவ்வொரு பந்தியிலும் குண்டோதரன் என்று கூப்பிடுவது கேலி இல்லை, கொடுமை. அந்தப் பிள்ளை அப்புறம் யாரும் இல்லாத நேரத்தில்தான் சாப்பிடும்.

இன்றைய இளைஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

'சோறுதான் முக்கியம்' என்று டீ சட்டையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டு ராமன் என்ற கேலி 'ஃபுடி' என்று பெருமை ஆகிவிட்டது. பரோட்டா போட்டியில் கணக்கு வழக்கில்லாமல் தின்று தீர்க்கும் ஒரே ஒரு காட்சியால் நடிகர் சூரிக்குப் 'பரோட்டா சூரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும். பஃபே வந்த பிறகு பறக்காவெட்டிக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பிரியாணிப் பாத்திரத்தின் அடியில் கரண்டி விட்டுத் துழாவி, கறித்துண்டாகப் பார்த்துப் பொறுக்குகிற ஆளுக்குப் பின்னால் வரிசையில் நின்று பாருங்கள். சொல் தானாக வாயில் வரும்.

நம்மைச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

தயாராகச் சில இருக்கின்றன. 'கண்ணு வைக்காதீங்க அத்தை' என்பது பெரியவர்களுக்கு. 'உழைக்கிறதே இந்த அரைச்சாண் வயித்துக்குத்தானே' என்பது எல்லோருக்கும். மச்சான் சொன்னால் 'உங்கப்பன் வீட்டுச் சோறா?' என்று கேட்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பது உண்மையிலேயே அவங்கப்பன் வீட்டுச் சோறா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பேசாமல் இலையைக் காட்டி, 'மாமா, இங்கே இன்னும் ரசம் வரலை' என்று மாமனாரைக் கூப்பிட்டுவிடுவது நல்லது.